டர்போ பெட்ரோல் கார் மக்கர் பண்ணுதா? டர்போவ கழட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க

நம்ம மதுரைப் பக்கம் டர்போ பெட்ரோல் வண்டிய "இழுவை இல்லண்ணே"ன்னு எடுத்துட்டுப் போனா, பானெட்ட தொறக்குறதுக்கு முன்னாடியே "டர்போ போயிருச்சுண்ணே"ன்னு சொல்லிடுறாங்க. என் வண்டிக்கும் அப்படித்தான் சொன்னாங்க, அதுக்கப்புறம் மச்சான் வண்டி, கூட வேலை பாக்குற தம்பி வண்டின்னு இன்னும் மூணு வண்டிக்கு அதே பேச்சக் கேட்டேன், நாலுல ஒண்ணுல கூட டர்போ போகல. போனது ஒரு கிளிப்பு, ஒரு காயில், ஒரு ரப்பர் வால்வு, ஒரு தெர்மோஸ்டாட். அதனாலதான் உக்காந்து எழுதுறேன். என்ன மாதிரி கோளாறு வந்தா எதுல இருந்து பாக்க ஆரம்பிக்கணும், எத கடைசியா சந்தேகப்படணும், அம்புட்டுதான்.

முதல்ல இன்ஜினப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க, இது தெரியாம கோளாறு பாத்தா பிடிபடாது. மாருதியோட பழைய நாலு சிலிண்டர் 1.2 பெட்ரோல் இன்ஜின், 1197 சிசி, 113 என்எம் டார்க் (இழுவை விசை) குடுக்கும். ஸ்கோடா, வோக்ஸ்வாகன் 1.0 டிஎஸ்ஐ 999 சிசிதான், மூணே சிலிண்டர், ஆனா 115 பிஎஸ் (குதிரைத்திறன்), 178 என்எம், அதுவும் 1750 ஆர்பிஎம்லயே (நிமிஷத்துக்கு 1750 சுத்து) முழு டார்க்கும் வந்துரும். ஹூண்டாய் 1.0 டர்போ 998 சிசி, 120 பிஎஸ், 172 என்எம், 1500ல இருந்தே இழுக்கும். மாருதி பூஸ்டர்ஜெட் 998 சிசி, 100 பிஎஸ், 147.6 என்எம். டாடா நெக்ஸான் 1199 சிசி, 120 பிஎஸ், 170 என்எம். நிசான் மேக்னைட் டர்போ, ரெனோ கைகர் டர்போ ரெண்டுலயும் 999 சிசி, 100 பிஎஸ், 160 என்எம். ஒரு சிலிண்டர் கம்மி, சிசியும் கம்மி, ஆனா வேலை ஒன்றரை மடங்கு. அப்ப ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் அழுத்தமும் சூடும் எம்புட்டு இருக்கும்னு யோசிச்சுக்கங்க. சைலன்சருக்குப் போற பொகை 950 டிகிரி வரைக்கும் சூடாகும், அந்தப் பொகைதான் டர்போ சக்கரத்த நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம் சுத்து சுத்த வைக்குது, அந்தச் சக்கரம்தான் காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுது, அதோட தண்டு பேரிங்ல தொடாம ஒரு மெல்லிசான ஆயில் படலத்து மேல மெதந்துக்கிட்டு சுத்துது. ஆயில் கெட்டா அந்தப் படலம் கெட்டுரும். டர்போ போறதுக்கு முக்கால்வாசி காரணம் அதுதான், டர்போ தானா சாகாது.

இன்னொன்னு, உங்க வண்டி டைரக்ட் இன்ஜெக்‌ஷனா இல்ல போர்ட் இன்ஜெக்‌ஷனான்னு கண்டிப்பா தெரிஞ்சு வச்சுக்கங்க. டிஎஸ்ஐ, ஹூண்டாய் டர்போ, பூஸ்டர்ஜெட் இதெல்லாம் டைரக்ட், பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே பீச்சும். நெக்ஸான் 1.2, மேக்னைட் டர்போ இதெல்லாம் போர்ட், பெட்ரோல் வால்வு மேல பட்டு உள்ள போகும். கீழ பாதி விஷயம் இத வச்சுத்தான் மாறும்.

கைல இருக்க வேண்டிய சாமான் ரொம்ப இல்ல. ஓபிடி ப்ளூடூத் டாங்கிள் ஒண்ணு ஆயிரம் ரூபா சுமாருக்கு கிடைக்கும், ஸ்டியரிங்குக்கு கீழ இருக்குற சாக்கெட்ல சொருகிட்டு போன்லயே எரர் கோடு பாத்துக்கலாம். ஒரு நல்ல டார்ச், ஸ்பிரே பாட்டில்ல சோப்புத் தண்ணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய வேட்டித் துணி. எரர் கோட போட்டோ எடுத்து வைக்காம அழிச்சுராதீங்க, ஒர்க்‌ஷாப்லயும் அழிக்க விடாதீங்க, அத அழிச்சுட்டா டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ட கிழிச்சுப் போட்ட மாதிரிதான்.

"இழுவையே இல்ல, மூணாயிரத்துக்கு மேல ஏற மாட்டேங்குது"

இதுதான் அடிக்கடி வர்றது, அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்றேன். போன மே மாசம் குடும்பத்தோட கொடைக்கானல் போனோம், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுறப்ப டம்டம் பாறைக்கு கொஞ்சம் முன்னாடி புஸ்ஸுன்னு ஒரு சத்தம், அதோட இன்ஜின் லைட்டு எரிஞ்சுருச்சு, வண்டி பிக்கப் மொத்தமா செத்துப் போய் ரெண்டாவது கியர்ல மாட்டு வண்டி மாதிரி ஏறுச்சு. ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா கொஞ்ச தூரம் நல்லாப் போகும், திருப்பி அதே கதை. இதத்தான் லிம்ப் மோடுன்னு சொல்றது, டர்போ அழுத்தம் எதிர்பாத்த அளவுக்கு வரலன்னா கம்ப்யூட்டரே பவரக் குறைச்சு இன்ஜினக் காப்பாத்திக்கும். ஊருக்கு வந்து ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்ல விட்டா பி0299ன்னு கோடு, அதப் பாத்த உடனே டர்போ மாத்தணும், முக்கால் லட்சத்துக்கு மேல ஆகும்னு எஸ்டிமேட்டு எழுதிக் குடுத்துட்டாங்க. எனக்கு மனசு கேக்கல. பழங்காநத்தம் பக்கம் ஒரு வயசான மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டுனேன், அவரு கீழ ஜாக்கி போட்டு டார்ச் அடிச்சுப் பாத்தாரு, இன்டர்கூலர்ல (டர்போ அழுத்துன காத்தக் குளுமையாக்குற பெட்டி) இருந்து வர்ற ஹோஸ் ஒட்டு வாய்ல ஆயில் கசிஞ்சு புழுதி ஒட்டி கருப்பா இருந்துச்சு. கிளிப்பு லூசு. ஹோஸக் கழட்டி துடைச்சு, புது கிளிப்பு போட்டு முறுக்கி விட்டாரு. அம்புட்டுதான் வேலை.

பி0299ங்குறதுக்கு அர்த்தம் "டர்போ போச்சு"ன்னு இல்ல, "காத்தழுத்தம் கம்மியா வருது"ன்னு மட்டும்தான். ஏன் கம்மியா வருதுன்னு கண்டுபிடிக்கிறது மனுஷன் வேலை. வரிசையா இப்படிப் பாருங்க:

ஏர் பில்டர் பெட்டிய தொறங்க. மேலூர்ப் பக்கம் கிரானைட் லாரி போற ரோட்டுல தெனமும் போய் வர்ற வண்டின்னா பில்டர் புத்தகத்துல போட்ட கிலோமீட்டர் வரைக்கும் தாங்காது. அடுத்து டர்போல இருந்து இன்டர்கூலர், இன்டர்கூலர்ல இருந்து த்ராட்டில் (இன்ஜினுக்குள்ள காத்து போற வாய்) வரைக்கும் எல்லா ஹோஸ்லயும் கைய விட்டுத் தடவுங்க, ஆயில் கறை எங்க இருக்கோ அங்கதான் காத்து வெளிய போகுது. மெல்லிசா ஆயில் பூச்சு உள்ள இருக்குறது சாதாரணம், பயப்படாதீங்க. வெளிய கசிஞ்சு அழுக்கு கட்டியிருந்தாத்தான் சங்கதி. கண்ணுக்குத் தெரியலன்னா ஸ்மோக் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, பொகைய உள்ள விட்டு எங்க வெளிய வருதுன்னு பாக்குறது, ரெண்டு நிமிஷத்துல காட்டிக் குடுத்துரும். ஸ்மோக் மிஷின் இல்லாத இடத்துல சில பேரு டயருக்கு காத்தடிக்கிற கம்ப்ரசர அப்படியே சொருகுவாங்க, அது தப்பு, அந்த அழுத்தத்துல நல்லா இருக்குற சீலும் பிச்சுக்கும்.

ஹோஸ் நல்லா இருந்தா வேஸ்ட்கேட். டர்போக்கு வர்ற பொகைல வேண்டாதத வெளிய விடுற கதவு அது, அதோட தண்டு துருப்பிடிச்சு இறுகிப் போனா மூடாது, மூடலன்னா பொகை டர்போ சக்கரத்தத் தொடாமலே ஓடிப் போயிரும். ஐடில்ல (மிதிக்காம சும்மா ஓடுறப்ப) கலகலன்னு தகர டப்பா மாதிரி சத்தம் வந்து, லேசா ஆக்சிலேட்டர் குடுத்தா நின்னுருச்சுன்னா வேஸ்ட்கேட் தண்டுல ஆட்டம் விழுந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் டைவர்டர் வால்வு, ஆக்சிலேட்டர விடுறப்ப காத்தத் திருப்பி விடுற வால்வு, சில வண்டில உள்ள இருக்குற ரப்பர் கிழிஞ்சுரும். அப்புறம் பிரஷர் சென்சார். இத போன்லயே பாக்கலாம், இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி இன்ஜின் ஓடாம இருக்குறப்ப மேனிஃபோல்டு (இன்ஜினுக்கு காத்து போற குழாய்) பிரஷர் மதுரைல 100 கிலோபாஸ்கல் ஒட்டிக் காட்டணும், கொடைக்கானல்ல நின்னு பாத்தா 80 பக்கம் காட்டும், ஏன்னா அது கடல் மட்டத்துல இருந்து 2100 மீட்டர் ஒசரம். மதுரைல நின்னுக்கிட்டு 70ன்னு காட்டுனா சென்சார்தான் பொய் சொல்லுது. ரிங் ரோட்டுல கூட்டம் இல்லாத நேரமா பாத்து, பக்கத்துல ஒருத்தர உக்கார வச்சு போனப் பாக்கச் சொல்லிட்டு, மூணாவது கியர்ல 2000ல இருந்து முழுசா மிதிங்க, நல்ல இன்ஜின்ல 180, 200ன்னு ஏறணும். 120, 130லயே நின்னுட்டா காத்து எங்கயோ போகுது.

இம்புட்டும் சரியா இருந்தா அப்பத்தான் டர்போ. இன்ஜின் ஆறுன பிறகு காத்து உள்ள போற குழாயக் கழட்டி சக்கரத்த விரலால மெதுவா ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல மயிரிழை ஆட்டம் இருக்கும், அது இருக்கணும், ஆயில் படலத்துக்கான எடம் அது. முன்னுக்குப் பின்னா ஆடுனாலோ, இறக்கை நுனி சுவத்துல உரசுன தடம் இருந்தாலோ டர்போ போச்சுன்னு ஒத்துக்கலாம். அப்பவும் அத மாத்துறதுக்கு முன்னாடி டர்போக்கு ஆயில் போற சின்னக் குழாயையும் மாத்தச் சொல்லுங்க, பழைய குழாய்க்குள்ள ஆயில் கருகி கரி கட்டி அடச்சிருக்கும், அதோட புது டர்போவ மாட்டுனா அதுவும் சீக்கிரமே போயிரும். இத கேட்டு வாங்குங்க.

"குலுங்குது, மிஸ் அடிக்குது"

ஐடில்ல நல்லா ஓடுது, ஆனா மேம்பாலம் ஏறுறப்ப, ஓவர்டேக் பண்றப்ப வெட்டி வெட்டிப் போகுதுன்னா மொத சந்தேகம் பிளக்கு, ரெண்டாவது அந்தப் பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில். காரணம் லேசுதான், சிலிண்டர்ல காத்தழுத்தம் கூடக் கூட ஸ்பார்க் தாவுறது கஷ்டம், டர்போல அழுத்தம் ரொம்ப அதிகம், அதனால தேஞ்ச பிளக்கு ஐடில்ல சமாளிச்சுக்கும், ஏத்தத்துல மாட்டிக்கும். டர்போ வண்டில பிளக்கு கேப் சாதா வண்டிய விட கம்மி, பெரும்பாலும் 0.7, 0.8 மில்லிமீட்டர்தான், உங்க வண்டிக்கு என்னன்னு மேனுவல்ல பாருங்க, "எல்லா பிளக்கும் ஒண்ணுதாண்ணே"ன்னு சொன்னா கேக்காதீங்க.

காயில் பாக்குறதுக்கு காசே வேணாம். கோடு பி0301ன்னு வந்தா ஒண்ணாவது சிலிண்டர் மிஸ். ஒண்ணாவது காயில எடுத்து ரெண்டாவதுல போடுங்க, ரெண்டாவத ஒண்ணாவதுல. ஓட்டிப் பாத்துட்டு கோடு பி0302ன்னு மாறுனா காயில்தான், மாறலன்னா காயில் நல்லவன், பிளக்க அதே மாதிரி மாத்திப் பாருங்க, அதுக்கும் மாறலன்னா இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு போகணும். மூணு காயிலையும் ஒண்ணா மாத்தச் சொல்ற எடத்துல இத செஞ்சு காட்டுங்க.

ஒண்ணு முக்கியம். இன்ஜின் லைட்டு சும்மா எரிஞ்சா பைய வீட்டுக்கு ஓட்டிட்டு வரலாம். மினுக் மினுக்குன்னு மினுக்குச்சுன்னா உடனே மிதிக்கிறத விடுங்க, எரியாத பெட்ரோல் அப்படியே கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் (சைலன்சர் பாதைல பொகைய சுத்தம் பண்ற பாகம்) போய் அங்க எரியுது, அது உருகிப் போனா பிளக்கு செலவு எங்க, அந்தச் செலவு எங்க.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மிஸ் அடிக்கிற வண்டிங்க வருஷா வருஷம் வரும். பக்தியா வண்டியக் கழுவுறேன்னு பானெட்டத் தொறந்து பிரஷர் வாட்டர இன்ஜின் மேலயே அடிச்சுடுறாங்க, பிளக்கு குழிக்குள்ள தண்ணி எறங்கி நிக்குது. காயிலக் கழட்டி, குழில காத்தடிச்சு காய வச்சு மாட்டுனா சரியாயிரும். பூஜைக்கு ஈரத்துணி வச்சுத் துடைச்சா போதும், சாமி கோச்சுக்காது.

காலைல குளிர்ல மட்டும் குலுங்கி, சூடான பிறகு சரியாயிருச்சுன்னா, அதுவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டி 60, 70 ஆயிரம் கிமீ தாண்டுனதுன்னா, இன்டேக் வால்வுல கரி கட்டியிருக்கும். போர்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோலே வால்வக் கழுவிக்கிட்டு இருக்கும், டைரக்ட்ல கழுவ ஆளில்ல, பிசிவில (இன்ஜின் அடில சேருற ஆவிய திருப்பி இன்டேக்குக்கு அனுப்புற வால்வு) இருந்து வர்ற ஆயில் ஆவி வந்து படிஞ்சு படிஞ்சு அப்பளம் மாதிரி காஞ்சு நிக்கும். டேங்க்ல ஊத்துற கிளீனர் பாட்டில் இன்ஜெக்டருக்கு உதவும், ஆனா அந்த வால்வத் தொடவே தொடாது, ஏன்னா பெட்ரோல் அந்தப் பக்கமே போறதில்ல. மேனிஃபோல்டக் கழட்டி, வால்நட் ஓட்டுத் தூள காத்தோட அடிச்சு சுத்தம் பண்றதுதான் வழி. நெக்ஸான், மேக்னைட் வச்சிருக்கவங்ககிட்ட யாராவது இத செய்யணும்னு சொன்னா மறுத்துருங்க.

"கட கடன்னு உள்ள இருந்து தட்டுது"

ஒசந்த கியர்ல, கம்மி ஆர்பிஎம்ல, முழுசா மிதிக்கிறப்ப டொக்குன்னு ஒண்ணோ ரெண்டோ அடி விழுந்தா அத லேசா விடாதீங்க. சிறுமலைல 18 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ஒவ்வொரு வளைவுலயும் கியர் எறக்க சோம்பல்பட்டு மூணாவதுலயே 1500 ஆர்பிஎம்ல போட்டு மிதிக்கிறவங்கள பாத்திருக்கேன். டர்போ வண்டி அப்பவும் இழுக்கும், அதுதான் ஆபத்து. 1500ல இருந்து 2500க்குள்ள முழு லோடுல, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயில் துளி தானா தீப்பிடிச்சு வெடிக்கும், எல்எஸ்பிஐன்னு பேரு, ஒரே அடில பிஸ்டன் ரிங் ஓரம் ஒடைஞ்சு போன இன்ஜின் உண்டு. ஆயில்ல போடுற கால்சியம் வகை டிடர்ஜென்ட்டு இத அதிகமாக்குதுன்னு கண்டுபிடிச்சு, 2018ல ஏபிஐ (ஆயிலுக்கு தரம் வைக்கிற அமெரிக்க அமைப்பு) எஸ்என் பிளஸ், 2020ல ஏபிஐ எஸ்பின்னு புது தரம் கொண்டு வந்தாங்க. உங்க ஆயில் டப்பால எஸ்பின்னு போட்டிருக்கான்னு பாருங்க, கூட உங்க கம்பெனி கேக்குற தரமும் இருக்கணும். விலை கம்மின்னு எஸ்என், எஸ்எம் பழைய சரக்க ஊத்துறது டர்போ டைரக்ட் இன்ஜினுக்கு வேணவே வேணாம். ஏத்தத்துல கியர எறக்குங்க, 2500க்கு மேல வச்சு ஏறுங்க, பெட்ரோல் கொஞ்சம் கூட ஆனா ஆகட்டும்.

ஸ்டார்ட் பண்ண உடனே ரெண்டு மூணு செகண்டு மட்டும் கரகரன்னு சத்தம் வந்து அடங்குனா, டைமிங் செயின் (வால்வு தண்ட இன்ஜினோட சேத்து சுத்த வைக்கிற செயின்) வண்டின்னா அத இறுக்கி வைக்கிற டென்ஷனர் பாக்கணும். மேல சொன்ன 1.0 டிஎஸ்ஐல செயின் கிடையாது, டைமிங் பெல்ட். ஃபோர்டு 1.0 ஈகோபூஸ்ட் பழைய ஈகோஸ்போர்ட்ல வந்தது, 999 சிசி, 125 பிஎஸ், அதுல பெல்ட்டு ஆயிலுக்குள்ளயே முங்கி ஓடும், வயசானா பெல்ட்டு உதிர்ந்து தூள் ஆயில் பம்பு சல்லடைய அடைக்கும், ஆயில் லைட்டு எரியுறப்ப ரொம்ப லேட்டு. ஆயில் பம்பு பெல்ட்டுக்காக 2023 கடைசில அமெரிக்காவுல திரும்பக் கூப்பிட்டு சரி பண்ணாங்க. செகண்ட் ஹேண்டுல அந்த வண்டி வாங்குறவங்க பெல்ட்டு எப்ப மாத்துனாங்க, எந்த ஆயில் ஊத்துனாங்கன்னு பில்லோட கேளுங்க, பில்லு இல்லன்னா பெல்ட்டு மாத்துற காச விலைல கழிச்சுத்தான் பேசணும்.

"ஆயில் கொறையுது, பொகை விடுது"

மொதல்ல பொகை கலரு. கொடைக்கானல் குளிர்ல காலைல வெள்ளையா வர்றது நீராவி, அஞ்சு நிமிஷத்துல நின்னுரும், அது ஒண்ணுமில்ல. நிக்காம இனிப்பு வாசனையோட வெள்ளை வந்தா கூலன்ட் எரியுது. கருப்புன்னா பெட்ரோல் அதிகம். ஊதாவா, எரிச்ச ஆயில் நாத்தத்தோட வந்தாத்தான் ஆயில் எரியுது.

ஊதாப் பொகை வந்த உடனே டர்போ சீலுன்னு சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி பிசிவி பாக்கணும். இன்ஜின் ஐடில்ல ஓடுறப்ப ஆயில் மூடிய மெதுவாத் தூக்குங்க. லேசா இழுக்கும், அது சரி. மூடிய எடுக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சு, விசில் மாதிரி சத்தம் வந்தா பிசிவி டயாபிரம் கிழிஞ்சிருக்கு. மாறா உள்ள இருந்து புசு புசுன்னு ஊதுச்சுன்னா கிரேங்க் கேஸ்ல (இன்ஜின் அடிப்பெட்டி) அழுத்தம் ஏறியிருக்கு. இத ஏன் இம்புட்டு சொல்றேன்னா, டர்போல இருந்து ஆயில் கீழ எறங்குற குழாய்ல பம்பு கிடையாது, வெறும் சரிவுலதான் எறங்கும். கீழ அழுத்தம் இருந்தா ஆயில் எறங்க முடியாம டர்போக்குள்ளயே தேங்கி, நல்லா இருக்குற சீல் வழியாவே கசியும். டர்போவ மாத்துவாங்க, ரெண்டே மாசத்துல திருப்பி கசியும், "டூப்ளிகேட் டர்போ"ன்னு கடைக்காரரத் திட்டுவாங்க. மச்சான் வண்டில இதே கதைதான் நடக்க இருந்துச்சு, பிசிவி மாத்துனதோட நின்னுருச்சு. ஆயில அளவுக்கு மேல ஊத்துனாலும் இதே கோளாறு வரும்.

எம்புட்டு கொறைஞ்சா கவலைப்படணும்? சர்வீஸ் சென்டர்ல கேட்டா ஆயிரம் கிமீக்கு ஒரு லிட்டர் வரைக்கும் நார்மல்னு சொல்லுவாங்க. என் கணக்கு அதுல பாதி, அரை லிட்டருக்கு மேல போனா காரணம் தேடணும். அளக்குறது சமதளத்துல, இன்ஜின் சூடாகி நிறுத்தி அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சு, எப்பவும் ஒரே எடத்துல நிறுத்தி அளங்க.

கொறையாம கூடுனா? இது நெறைய பேருக்குத் தெரியாது. டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் அடிச்சா பெட்ரோல் ஆயில்ல கலக்குது. தெனமும் சிம்மக்கல்லுல இருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மட்டும் ஓடுற வண்டிக்கு இது வரும், இன்ஜின் சூடாகுறதுக்குள்ள நிறுத்திடுறாங்க, எறங்குன பெட்ரோல் ஆவியாக நேரமே கிடைக்கிறதில்ல. வாரத்துக்கு ஒருக்கா திருமங்கலம் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வாங்க. அப்படியும் கூடுனா ஹை பிரஷர் பெட்ரோல் பம்பு சீலப் பாக்கணும். பெட்ரோல் கலந்த ஆயில் தண்ணியாட்டம் ஆயிரும், டர்போ தண்டு மெதக்குறது அந்த ஆயில்லதான்.

ஆயில் மாத்துறதுக்கு கம்பெனி 10,000, 15,000 கிமீன்னு போட்டிருக்கும். சித்திரைத் திருவிழா சமயம் கோரிப்பாளையத்துல ஒரு மணி நேரம் நின்னா ஓடோமீட்டர்ல ரெண்டு கிமீதான் கூடியிருக்கும், இன்ஜின் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். மதுரை ஊருக்குள்ள ஓடுற டர்போ வண்டிக்கு 7,500 இல்ல ஒரு வருஷம், எது முந்துதோ அப்ப மாத்துங்க. இது என் கருத்து, ஆனா இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன்.

"ஹீட் ஆகுது, கூலன்ட் கொறையுது"

முள்ளு செவப்புக்குப் போனா ஏசிய ஆஃப் பண்ணி, ஹீட்டர முழுசா வச்சு, ஓரங்கட்டுங்க. சூட்டோட மூடியத் தொறக்காதீங்க, கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும், அரை மணி நேரம் ஆறட்டும். வண்டிய நிறுத்துன பிறகும் ஃபேன் ஓடுறதும் உள்ள சன்னமா மோட்டார் சத்தம் கேக்குறதும் கோளாறு இல்ல, பல வண்டில டர்போவக் குளுமையாக்க தனியா ஒரு பம்பு ஓடுது, அதுக்காக பேட்டரி ஒயரப் புடுங்கி விடாதீங்க.

கீழ சொட்டாமலே கூலன்ட் கொறைஞ்சா தெர்மோஸ்டாட், வாட்டர் பம்பு உக்காந்திருக்குற பிளாஸ்டிக் கூட்டப் பாருங்க, டர்போ இன்ஜின் சூட்டுல பிளாஸ்டிக் வறண்டு மயிரிழையா வெடிக்கும், கசியுற கூலன்ட் சூட்டுலயே காஞ்சு வெள்ளையா, ரோஸா படிஞ்சிருக்கும், தரைல சொட்டு விழாது. டர்போக்கு கூலன்ட் போற குழாய் போல்ட்டுல இருக்குற செம்பு வாஷரும் கசியும். ராத்திரி பூராம் ஆறுன வண்டில பிரஷர் டெஸ்டர் வச்சு பம்பு அடிச்சுட்டு டார்ச்சோட தேடுனா கிடைச்சுரும். எங்கயுமே கிடைக்கலன்னா மட்டும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்குற சீல்), அதுக்கும் இன்ஜினப் பிரிக்க வேணாம், ரேடியேட்டர் வாய்ல வச்சுப் பாக்குற ஒரு நீலத் திரவம் இருக்கு, பொகை கலந்திருந்தா மஞ்சளா மாறிரும்.

கொறைஞ்சதுக்கு போர் தண்ணிய ஊத்தாதீங்க. நம்ம பக்கத்து போர் தண்ணி பக்கெட்ல வெள்ளையா உப்பு படியிற தண்ணி, அதே உப்புதான் டர்போவச் சுத்தி இருக்குற சின்ன வாய்க்கால்லயும் படியும். அவசரத்துக்கு ஊத்துனா ஊர் வந்து சேந்த உடனே முழுசா வடிச்சுட்டு, கம்பெனி சொல்ற கூலன்ட்ட டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. கலரு ஒண்ணா இருக்குன்னு வேற வகையக் கலக்காதீங்க, கலருக்கும் வகைக்கும் சம்பந்தம் இல்ல.

"மைலேஜ் விழுந்துருச்சு"

இதுல கொஞ்சம் பெட்ரோலே காரணம். இப்ப பங்குல வர்றது ஈ20, அஞ்சுல ஒரு பங்கு எத்தனால், எத்தனாலுக்கு பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு சக்திதான். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு செஞ்சு, ஈ10க்கு (பத்துல ஒரு பங்கு எத்தனால்) டியூன் பண்ண கார்ல 6, 7 சதவீதம் மைலேஜ் கொறையும்னு 2021ல நிதி ஆயோக் அறிக்கையிலயே போட்டிருந்தாங்க. அதுக்கு மேல விழுந்திருந்தாத்தான் வண்டில தேடணும். டாங்கிள்ல லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல எத்தன சதவீதம் கூட்டுது, கொறைக்குதுங்குற கணக்கு) பாருங்க, பிளஸ் பத்துக்கு மேலயே நின்னா கணக்குல வராத காத்து உள்ள போகுது, மறுபடி அதே ஹோஸ், பிசிவிதான். ரொம்ப நாள் நிறுத்தி வைக்கிற வண்டில டேங்க்க முக்கால்வாசி காலியா வைக்காதீங்க, எத்தனால் ஈரத்த இழுக்கும்.

சூடா இருக்குறப்ப நிறுத்தி, டீ குடிச்சுட்டு வந்து ஸ்டார்ட் பண்ணா ரொம்ப நேரம் சுத்துதுன்னா, டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல பெட்ரோல் பிரஷர் எறங்கிப் போகுது. பி0087 கோடும் வரலாம். டேங்க்ல இருக்குற சின்ன பம்பு மொதல்ல, அப்புறம் இன்ஜெக்டர் சொட்டுதான்னு, கடைசியாத்தான் ஹை பிரஷர் பம்பு, விலை அதுக்குத்தான் ஜாஸ்தி.

ட்ராஃபிக்ல மட்டும் ஒண்ணு ரெண்டு கியர் மாறுறப்ப வெட்டுனா, அதுவும் டிசிடி, டிஎஸ்ஜின்னு ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்னா அது இன்ஜினே இல்ல, கியர்பாக்ஸ் கிளட்ச். அதுக்கு இன்ஜின் பக்கம் காசு செலவு பண்ணாதீங்க.

ஒர்க்‌ஷாப்ல விடுறப்ப ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க: எப்ப வருது, சூடா குளிரா, எந்த கியர், எத்தன ஆர்பிஎம், ஏசி ஓடுச்சா, கோடு என்ன. மாத்துன பழைய பார்ட்ட கைல கேட்டு வாங்குங்க. டர்போ மாத்தியே ஆகணும்னு சொன்னா, கழட்டுன டர்போவ கண்ணு முன்னாடி ஆட்டிக் காட்டச் சொல்லிட்டு அப்புறமா சரின்னு சொல்லுங்க.